நாற்பத்தொன்றாம் நம்பர் லென்ஸ்

அத்தியாயம் 19

பார்சல் காலை எட்டே முக்காலுக்கு வந்தது. கொண்டுவந்தவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "ரிட்டர்னுங்க" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். ஆன்லைனில் விற்கிற யாரும் கேட்க விரும்பாத வார்த்தை அது. நம் லென்ஸ்காரியும் விரும்பவில்லை.

போன வாரம் விட்டவர்களுக்காக ஒரு சின்னக் கதைச்சுருக்கம். பழைய கேமரா லென்ஸுகளை வாங்கிப் பிரித்துத் துடைத்து, மசகு போட்டு, ஆன்லைன் ஏலத்தில் விற்பவள் லென்ஸ்காரி. வீட்டில் எல்லோரும் அப்படியே கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது சொந்தப் பெயரைச் சொன்னால் அவளே திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த வருஷத்தில் அவள் கைக்கு வந்த ஆகச்சிறந்த லென்ஸ், அவள் நோட்டுக் கணக்கில் நூற்று அறுபத்துமூன்றாம் நம்பர். அதை ஏலத்தில் போட்ட நாளிலிருந்துதான் அவளுக்குச் சனி பிடித்தது.

முதல் தடவை ஏலத்தை ஜெயித்த ஆள், "அது என் பையன் தெரியாம அமுக்கிட்டான்" என்று எழுதிவிட்டு மாயமானார். இரண்டாம் தடவை ஜெயித்தவர், ஜெயித்த பிறகு, "சரி, கடைசி விலை என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். ஏலம் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. மூன்றாம் தடவை ஜெயித்தது 'வெள்ளைக்காகம்' என்கிற பெயர். ஐந்தே நிமிஷத்தில் பணம் கட்டிய உத்தமர். பார்சலைக்கூட வீட்டுக்கு வேண்டாம், கூரியர் கடையிலேயே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்ன நல்லவர்.

அந்த நல்லவர்தான் நாலாம் நாள், "உள்ளே ஃபங்கஸ் இருக்கு. திருப்பி அனுப்புகிறேன்" என்று புகார் கொடுத்தார். பணம் இப்போது ஏலக் கம்பெனியின் கையில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. இன்று மாலை நாலு மணிக்குள் லென்ஸ்காரி பதில் சொல்லியாக வேண்டும். ஒன்று, குறையை ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லை, வாங்கினவர் ஏமாற்றுகிறார் என்று ஆதாரம் காட்ட வேண்டும்.

"ஃபங்கஸா? என் லென்ஸிலயா?" என்று அவள் நாலு நாளாகப் பொருமிக்கொண்டிருக்கிறாள். அவள் பொருமலில் நியாயம் உண்டு. முந்நூற்றுப் பதினோரு பேர் அவளுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். மூடியின் ஓரத்தில் நூலளவு கீறல் இருந்தால்கூட அதைப் பெரிதாகப் படம் எடுத்து, வட்டம் போட்டு, 'இதைப் பார்த்துவிட்டு வாங்கவும்' என்று எழுதுகிறவள். "கல்யாணத்துக்கு முன்னாடி என்கிட்ட நீ இவ்வளவு உண்மை பேசியிருந்தா நமக்குக் கல்யாணமே நடந்திருக்காது" என்று கணவன் கேலி செய்வான்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். இப்போது அவன் சாப்பாட்டு மேஜையின் ஒரு பாதியில் ரொட்டி தின்றுகொண்டிருந்தான். மறுபாதி அவளுடைய பட்டறை: விளக்கு, சின்னத் திருப்புளிகள், பஞ்சு, வருஷத்துக்கு ஒரு கலராக நெயில் பாலிஷ் பாட்டில்கள்.

"வீடியோ எடுங்க" என்றாள் அவள்.

"கை முழுக்க வெண்ணெய்."

"துடைச்சுட்டு எடுங்க."

திரும்பி வருகிற பார்சலை அவள் வீடியோ இல்லாமல் பிரிக்கமாட்டாள். அவன் பேன்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு போனைப் பிடித்தான். அவள் பெட்டியைத் திறந்து, குமிழ்த்தாளை உருவி, லென்ஸைக் கையில் எடுத்தாள். அதே கம்பெனி. அதே மாடல். அதே எடை.

ஃபோகஸ் வளையத்தை லேசாகத் திருப்பினாள். வளையம் முனகிக்கொண்டே நகர்ந்தது.

அவள் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. தன் கையால் போன மாதம் மசகு போட்ட வளையம் இப்படி முனகாது. லென்ஸைத் திருப்பி, விளிம்பில் கம்பெனி பொறித்திருந்த எண்ணைப் பார்த்தாள். ஏலத்தில் போட்ட படத்தில் இருந்த எண் வேறு, இது வேறு. டார்ச்சை அடித்துப் பார்த்தால் உள்ளே ஒரு மூலையிலிருந்து சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படர்ந்திருந்தது.

"இது என்னுது இல்லை" என்றாள். "ஏங்க, இது என்னோட லென்ஸே இல்லைங்க! மாத்திட்டான். நல்லதை வெச்சுக்கிட்டு அவன்கிட்ட இருந்த குப்பையை அனுப்பிட்டான்!"

"நிஜமாவா?"

"நம்பரைப் பாருங்க! படத்தைப் பாருங்க!"

அவனும் பார்த்தான். "அடப்பாவி" என்றான்.

பட்டப்பகலில் ஒருவன் தன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டான் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. காணாமல் போனவரையும், பேரம் பேசினவரையும்கூட மன்னித்துவிடலாம். அவர்களால் போனது நேரம் மட்டும்தான். இது திருட்டு. அதுவும் ஐந்து நிமிஷத்தில் பணம் கட்டி, நம்பவைத்துச் செய்த திருட்டு.

கோபத்தில் செய்யக்கூடாத ஒரு காரியத்தை அப்போது செய்தாள்.

விற்கிறவர்களுக்கென்று ஒரு குழு இருக்கிறது. எண்ணூறு பேர். யார் ஏலம் எடுத்துவிட்டு ஓடினார்கள், யார் பொய்ப் புகார் கொடுத்தார்கள் என்று ஒருவருக்கொருவர் எச்சரிக்கை செய்துகொள்கிற இடம். லென்ஸ்காரி அதில் இதுவரை யாரைப் பற்றியும் ஒரு வரி எழுதினதில்லை. இன்றைக்கு எழுதினாள்.

'எச்சரிக்கை! வெள்ளைக்காகம் என்ற பெயரில் வாங்கும் ஆள் ஒரு திருட்டுப் பேர்வழி. நல்ல பொருளை வைத்துக்கொண்டு கெட்டதைத் திருப்பி அனுப்புவார். கூரியருக்காகக் கொடுத்த போன் நம்பர் கீழே. இந்த நம்பரோடு யாரும் எந்தத் தொழிலும் வைத்துக்கொள்ளாதீர்கள். எல்லோருக்கும் பரப்புங்கள்.'

"எதுக்கும் ஒரு தடவை பிரிச்சுப் பாத்துட்டு அப்புறம் போடேன்" என்றான் கணவன், வாயில் ரொட்டியோடு.

"பிரிச்சுப் பாக்க என்ன இருக்கு? வெளியிலயே பல்லை இளிக்குதே!"

பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்காமல் ஒரு லென்ஸைப் பற்றி நல்லதோ கெட்டதோ சொல்லாதவள் அவள். அவளைக் கோபம் எங்கே கொண்டுபோய் நிறுத்தியது பாருங்கள். போஸ்டைப் போட்டுவிட்டுத்தான் திருப்புளியைக் கையில் எடுத்தாள். அதுவும் ஏலக் கம்பெனிக்கு ஆதாரம் காட்டுவதற்காக.

முன்வளையத்தைக் கழற்றினாள். மூன்று குட்டித் திருகாணிகள் இருந்தன. மூன்றின் தலையிலும் நீல நிறத்தில் ஒரு புள்ளி.

அது நெயில் பாலிஷ்.

திருகாணி தானாகக் கழன்றுவிடாமல் இருக்க அதன் தலையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைப்பது அவள் வழக்கம். இந்த வருஷம் சிவப்பு. போன வருஷம் நீலம். அந்த வளையத்தின் அடியில் ஊசிமுனையால் கீறிய எழுத்தில், அவளுடைய சொந்தக் கையெழுத்தில், ஓர் எண் இருந்தது.

41.

"என்னங்க" என்றாள்.

"ம்?"

"இதுவும் என்னுதுதான்."

"என்ன உளர்றே? இப்பத்தானே உன்னுது இல்லைன்னே?"

"அது நான் இப்ப வித்தது. இது போன வருஷம் நான் பிரிச்சது. நாற்பத்தொண்ணு." அவள் இழுப்பறையைத் திறந்து நோட்டை எடுத்தாள். பிரிக்கிற ஒவ்வொரு லென்ஸுக்கும் அதில் ஒரு வரி உண்டு. என்ன குறை, என்ன செய்தாள், யாரிடம் போனது என்று.

நாற்பத்தொன்றாம் வரியை விரலால் தேடிப் பிடித்தாள்.

'ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பூஞ்சை. எடுக்க முடியாது. விற்க முடியாது. அண்ணிக்கு.'

இதை நான் உங்களுக்கும் இதுவரை சொல்லவில்லை. ஒளித்துவைத்தேன் என்று கோபிக்காதீர்கள், அவளே இதை மனதுக்குள் எங்கேயோ தூக்கிப் போட்டு மறந்திருந்தாள். அண்ணி என்று அவள் கூப்பிடுவது கணவனின் அக்காவை. நாத்தனார் என்றால் நமக்கு ஒரு முகம் ஞாபகம் வருமே, அந்த முகம் இல்லை இது. இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று வீடே ஒன்றாக நின்றபோது, "அவளை இந்த வீட்டுக்குள்ள விடலைன்னா நானும் வெளியே போறேன்" என்று வாசலில் நின்றவள். லென்ஸ்காரி இந்தத் தொழிலைத் தொடங்கியபோது, 'இவளுக்கு எதுக்கு இந்த வேலை' என்று சொல்லாத ஒரே ஆள். பிறந்த குழந்தைகளைப் படம் எடுப்பது நாத்தனாரின் தொழில். அந்த வீட்டில் லென்ஸ்காரிக்குத் தன் அம்மாவுக்கும் மேலே ஒருத்தி உண்டு என்றால் அது அவள்தான்.

அவளுக்குத்தான் போன வருஷம் பிறந்தநாளுக்கு இந்த லென்ஸைக் கொடுத்தாள். வண்ணத்தாள் சுற்றி, ரிப்பன் கட்டி. "உங்களுக்குன்னே எடுத்து வெச்சேன் அண்ணி. என்கிட்ட இருக்கறதிலேயே நல்ல பீஸ்" என்று சொல்லிக் கொடுத்தாள்.

"அண்ணிக்குக் கொடுத்தது" என்றாள் இப்போது.

நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். அவன் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. தட்டில் பாதி ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

"ஆஸ்பத்திரியில லிஃப்ட் நின்னுடுச்சாம். நான் கிளம்பறேன்."

"போனே வரலையே?"

"மெசேஜ் வந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினான். அவன் போன் மேஜை மேல், அவள் கைக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. பாதிப் படியிலிருந்து திரும்பி வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் எடுத்துக்கொண்டு போனான்.

அவனைப் பற்றி யோசிக்க அவளுக்கு அப்போது நேரமில்லை. அவள் மனசு தனக்குச் சாதகமாக ஒரு கதையை அவசரமாகக் கட்டிக்கொண்டிருந்தது. அண்ணி இதை யாருக்காவது விற்றிருப்பாள். இல்லை, யாருக்காவது இரவல் கொடுத்திருப்பாள். அந்த ஆள்தான் வெள்ளைக்காகம். அப்படித்தான் இருக்க வேண்டும். அண்ணியிடம் கேட்டால் ஆளைப் பிடித்துவிடலாம்.

அதற்குள் எதற்கும் இருக்கட்டும் என்று குழுவில் போட்ட போஸ்டை அழித்தாள். உடனே ஒருவர் எழுதினார்: 'ஏன் மேடம் அழிச்சீங்க? கவலையே படாதீங்க. நாங்க ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எல்லா குரூப்லயும் போட்டாச்சு!'

இன்னொருவர்: 'அம்மாக்கள் குரூப்ல என் மனைவி போட்டுட்டாங்க. அங்கே மட்டும் ஆறாயிரம் பேர்!'

நல்ல மனசுக்காரர்கள். கைதட்டுகிற படம் வேறு போட்டிருந்தார்கள். அவள் போனைப் பைக்குள் போட்டு, லென்ஸைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

நாத்தனார் இத்தனை நாளும் வீடு வீடாகப் போய்ப் படம் எடுத்தவள். வருகிற திங்கட்கிழமை முதன்முதலாகச் சொந்த ஸ்டூடியோ திறக்கிறாள். காகிதக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். ஆறு வருஷமாக அவள் வாயில் இருந்த வார்த்தை அது. "எனக்குன்னு ஒரு கதவு வேணும்டி. அதை நான் திறந்தா திறக்கணும், மூடினா மூடணும்" என்பாள்.

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அந்தக் கட்டிடத்து முகப்பில் ஒருவர் ஏணி மேல் நின்று பலகை மாட்டிக்கொண்டிருந்தார். பலகையில் தூங்குகிற குழந்தையின் படம், கீழே பெரிய எழுத்தில், ஸ்டூடியோவுக்கென்று புதிதாக வாங்கிய போன் நம்பர்.

லென்ஸ்காரி சும்மாதான் அதைப் படித்தாள். முதல் நாலு எண்ணைப் படித்ததும் நடந்த கால் நின்றுவிட்டது. மீதி ஆறு எண்ணையும் படித்தாள். போனை எடுத்து, தன் போஸ்டை மறுபடி பரப்பியிருந்த யாரோ ஒருவருடைய செய்தியில் இருந்த நம்பரை ஒவ்வொன்றாகப் பலகையோடு ஒத்துப் பார்த்தாள்.

பத்து எண்ணும் ஒன்றுதான்.

தெரு இருந்தது, பஸ் போனது, ஏணி மேல் இருந்தவர் கீழே யாரிடமோ ஆணி கேட்டார். அவள் மட்டும் மறுபடி முதல் எண்ணிலிருந்து ஒத்துப் பார்த்தாள். நம்பக்கூடாது என்று மனசு அடம்பிடித்தது. அண்ணியா? அண்ணியா தன்னிடம் இப்படி? எப்படிப் படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது.

மேலே புதுப் பெயின்ட் வாசனை. மூலையில் பிரம்புக் கூடைகள், குழந்தைகளைச் சுற்றுகிற மெத்துத் துணிகள் அடுக்கியிருந்தன. நாத்தனார் தரையில் உட்கார்ந்து அவற்றை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து ஸ்டூலில் கேமரா. கேமராவில் மாட்டியிருந்தது நூற்று அறுபத்துமூன்றாம் நம்பர் லென்ஸ். எங்கே பார்த்தாலும் அதை அவளுக்குத் தெரியும்.

"வா" என்றாள் நாத்தனார். "பதினோரு மணிக்கு வருவேன்னு நினைச்சேன். பத்து நிமிஷம் முன்னாடியே வந்துட்டே."

"அண்ணி... வெள்ளைக்காகம் நீங்களா?"

"பேர் நல்லா இருக்குல்ல?"

லென்ஸ்காரி துணியைப் பிரித்து நாற்பத்தொன்றை வெளியே எடுத்தாள். கண் நிரம்பிவிட்டது. "ஏன் அண்ணி? என்கிட்டயா? கேட்டிருந்தா நான்..."

"கேட்டேனே."

நாத்தனார் கையிலிருந்த துணியை மடித்து முடித்து அடுக்கில் வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. "உன் அடுப்படியில நின்னு கேட்டேன். 'அந்த லென்ஸை ஏலத்துல போடாதே, எனக்குக் கொடு, ஏலத்துல என்ன விலை வருமோ அதையே தர்றேன்'னு கேட்டேனா இல்லையா? நீ என்ன சொன்னே?"

லென்ஸ்காரிக்கு ஞாபகம் இருந்தது. நன்றாகவே ஞாபகம் இருந்தது.

"சொல்லுடி."

"'உங்ககிட்டதான் இதைவிட நல்லது இருக்கே அண்ணி'ன்னு சொன்னேன்."

"ஏன் அப்படிச் சொன்னே?"

அதற்குப் பதில் அவளுக்குத் தெரியும். இரண்டு லென்ஸும் ஒரே ஆளின் கையில் இருந்தால், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே நாளில் தெரிந்துவிடும். அதுதான் காரணம். பாராட்டு மாதிரி சொன்னாளே தவிர, உள்ளுக்குள் அன்றைக்கு அவள் உதறிக்கொண்டுதான் நின்றாள்.

"ஒரு வருஷம்" என்றாள் நாத்தனார். "ஒரு வருஷம் அதை வெச்சுத்தான் படம் எடுத்தேன். ஜன்னல் பக்கம் குழந்தையை வெச்சா படம் பூரா வெள்ளையா மங்கிப்போகும். நான் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். கை நடுங்குதோ, கண்ணு போச்சோன்னு கண் டாக்டர்கிட்டகூடப் போனேன். ரெண்டு அம்மாக்கள் படமே வேணாம்னுட்டுப் போனாங்க. லென்ஸைச் சந்தேகப்படவே இல்லை. ஏன்னா அதைக் கொடுத்தது நீ."

"அண்ணி..."

"ஊர் பேர் தெரியாதவனுக்கு மூடியில இருக்கற கீறலுக்கெல்லாம் வட்டம் போட்டுக் காட்டறே. எனக்கு ஒரு வட்டம் போட்டிருக்கக் கூடாதா? 'அண்ணி, இது கழிச்ச பீஸு, சும்மா கிடக்குது, வேணும்னா வெச்சுக்கங்க'ன்னு சொல்லியிருந்தா வாங்கிக்கிட்டிருக்கமாட்டேனா?"

வாங்கிக்கொண்டிருப்பாள். சிரித்துக்கொண்டே வாங்கியிருப்பாள். அது லென்ஸ்காரிக்கும் தெரியும்.

"இது கழிச்சதுன்னு உங்களுக்கு யார் சொன்னா?" என்று மெல்லக் கேட்டாள்.

"அதை உன் வீட்டுல போய்க் கேளு. எனக்குத் தெரிஞ்சு நாலு மாசமாச்சு. நாலு மாசமா நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன். வாராவாரம் வர்றே, சாப்பிடறே, பேசறே, 'படமெல்லாம் எப்படி வருது அண்ணி'ன்னு வேற கேக்கறே!"

கணவன் விட்டுப்போன பாதி ரொட்டி லென்ஸ்காரியின் கண் முன்னால் வந்தது. அண்ணியிடம் சொன்னது அவன்தான், ஆஸ்பத்திரி லிஃப்ட் எதுவும் நிற்கவில்லை என்று இப்போது புரிந்தது. ஆனால் அவனோடு சண்டை போடுகிற யோக்கியதை இன்றைக்குத் தனக்கு இல்லை என்றும் புரிந்தது.

நாத்தனார் எழுந்தாள். நாற்பத்தொன்றை வாங்கி, வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடி அவள் கையிலேயே வைத்தாள்.

"நீ பயப்படாதே. நான் உன் பொருளைத் திருடலை. பணம் கட்டித்தான் எடுத்தேன். நாலு மணிக்கு முன்னாடி புகாரை நானே வாபஸ் வாங்கிடுவேன், பணம் உனக்கு வந்துரும். இந்தப் பெட்டி உன் கைக்கு வந்து, அந்த நீலப் புள்ளியை உன் கண்ணால நீ பாக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. வாயால கேட்டா நீ மறுபடி ஏதாவது நல்ல வார்த்தை சொல்லி மழுப்பிடுவே."

திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். முழு விலை கொடுத்து வாங்கியிருக்கிறாள். பணத்தையும் விடப்போகிறாள். அப்படிப்பட்டவளை எண்ணூறு பேருக்கு நடுவில், அங்கிருந்து ஆறாயிரம் பேருக்கு நடுவில்...

லென்ஸ்காரி வாயைத் திறந்தாள். "அண்ணி, நான் காலையில ஒரு..."

ஸ்டூல் மேல் இருந்த போன் அடித்தது.

நாத்தனாரின் முகம் மாறியது. அத்தனை நேரம் இருந்த இறுக்கம் போய், புதுக் கடைக்காரியின் குழைவு வந்தது. "இன்னிக்கு முதல் கால்!" என்று கண்ணால் சிரித்தாள். கோபத்தை ஒரு நிமிஷம் மறந்தே போனாள். "ஹலோ, சொல்லுங்க. ஆமாங்க, ஸ்டூடியோதான். திங்கட்கிழமை... ஆமா, உங்களுக்குத்தான் முதல்ல... என்னது? ஏங்க?... யாரு சொன்னா?... இல்லைங்க, நீங்க நம்பரைத் தப்பா... ஹலோ? ஹலோ?"

போனைக் காதிலிருந்து எடுத்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னமோ சொல்றாங்கடி. வரலையாம். நான் திருட்டுப் பேர்வழியாம். குரூப்ல வந்திருக்காம், இந்த நம்பரோட."

மறுபடி அடித்தது. இரண்டு வார்த்தை கேட்டாள். "சரிங்க" என்று வைத்தாள். இன்னொன்று. அதை எடுக்கவில்லை, அடித்து ஓயட்டும் என்று விட்டாள். ஏணிக்காரர் பலகையில் கடைசி ஆணியை அடிக்கிற சத்தம் கேட்டது. நாத்தனார் ஒரு கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். லென்ஸ்காரி அவளை அழுது பார்த்ததில்லை. இப்போதும் அழவில்லை. உதடு மட்டும் கோணிக்கொண்டது.

"இன்னும் கதவே திறக்கலையேடி. அதுக்குள்ள யாருக்கு என் மேல இவ்வளவு ஆத்திரம்? நான் யாருக்கு என்ன பண்ணேன்?" பிறகு நிமிர்ந்து, அவள் கையைப் பிடித்தாள். சற்று முன்பு அத்தனை கேள்வி கேட்ட அதே ஆள், வேறு யாரும் இல்லாததால், அவள் கையைத்தான் பிடித்தாள். "நீ இந்த ஆன்லைன் குரூப்பெல்லாம் தெரிஞ்சவளாச்சே. யாரு போட்டதுன்னு கண்டுபிடிச்சுக் குடுடி."

மழுப்பலாம். 'பாக்கறேன் அண்ணி' என்று சொல்லலாம். போஸ்டை அழித்தாயிற்று, எண்ணூறு பேரில் யார் என்று யாருக்குத் தெரியும்? அந்த நினைப்பு ஒரு நொடி அவளுக்கு வந்தது. வரவில்லை என்று எழுதினால் நான் பொய்யெழுதினவன் ஆவேன்.

"நான்தான் அண்ணி."

"என்ன நீதான்?"

"போட்டது நான்தான். காலையில. பெட்டியைப் பிரிச்சதும். உள்ளே திறந்து பாக்கறதுக்கு முன்னாடி. யாருன்னு தெரியாம..."

கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. நாத்தனார் தன் கையைத் தன் மடிக்கு எடுத்துக்கொண்டாள். அவள் பார்வையைத் தாங்க முடியாமல் லென்ஸ்காரி தரையைப் பார்த்தாள்.

போன் மறுபடி அடித்தது.

நாத்தனார் அதை எடுத்து அவள் பக்கம் நீட்டினாள். "எடு."

"அண்ணி, நான் என்ன..."

"குறையை மறைக்காம சொல்றதுக்குத்தானே உனக்கு அத்தனை நட்சத்திரம்? எடுத்துப் பேசு."

அவள் வாங்கினாள். பச்சைப் பொத்தானை இரண்டாம் தடவைதான் சரியாக அமுக்க முடிந்தது. அந்தப் பக்கம் ஒரு பெண் குரல். பின்னால் பச்சைக் குழந்தை ஒன்று வீல் வீலென்று அழுதுகொண்டிருந்தது.

"ஹலோ, ஸ்டூடியோவா? செவ்வாய்க்கிழமைக்குச் சொல்லி வெச்சிருந்தோம். குரூப்ல என்னென்னமோ வருதே, அது நிஜமாங்க?"

"இல்லைங்க. நிஜம் இல்லை." லென்ஸ்காரி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அவங்க எதையும் திருடலை. முழுப் பணம் கொடுத்துத்தான் வாங்கினாங்க. அதை எழுதினது நான். சரியா விசாரிக்காம எழுதிட்டேன். அதுக்கு முன்னாடி, கெட்டுப்போன லென்ஸை நல்லதுன்னு பொய் சொல்லி அவங்களுக்குக் கொடுத்ததும் நான்தான். ஏமாத்தினது நான், ஏமாந்தது அவங்க. இதை நீங்க யார்கிட்ட வேணும்னாலும் சொல்லுங்க. நானே எல்லா குரூப்லயும் என் பேரைப் போட்டு எழுதறேன்."

அந்தப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"இவ்வளவு பண்ணிட்டு அவங்க போனையே எடுத்துப் பேசறீங்களே?" என்றாள் அந்தப் பெண். குரலில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. "நீங்க அவங்களுக்கு யாரு?"

'தம்பி பொண்டாட்டி' என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லலாமா என்று தெரியாமல் லென்ஸ்காரி நாத்தனாரைப் பார்த்தாள்.

நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, மடித்து அடுக்கிய துணிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மறுபடி மடிக்க ஆரம்பித்திருந்தாள்.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா? யாருன்னு கேட்டேன்."